சதோஷி கோன் போய் 15 வருடம்

வாட்ஸ்அப் குழு: நிஷிகசாய் நம்ம வீடு (டோக்கியோ)
ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு

ரேவதி (இரவு 7:42): இன்றைக்கு ஆகஸ்ட் 24. சதோஷி கோன் இறந்து 15 வருடம் ஆகிறது. மதியம் ‘மில்லேனியம் ஆக்ட்ரஸ்’ மறுபடி போட்டுப் பார்த்தேன். நாயகி சியோகோ ஓடிக்கொண்டே இருக்கிற அந்த இடம் வந்ததும் அழுகை வந்துவிட்டது. வீட்டில் சொல்ல ஆள் இல்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

கார்த்திக் (7:44): அக்கா, காலையிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். 46 வயது என்பது போகிற வயதா? எனக்கு அடுத்த மாதம் 46.

முருகன் அண்ணா (7:47): நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நாளை எரிக்கக்கூடிய குப்பையை எடுக்கும் நாள், காலை எட்டு மணிக்குள் வைத்துவிடுங்கள். அப்புறம், யார் இந்த கோன்? நடிகரா?

ரேவதி (7:51): அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் பட இயக்குநர் அண்ணா. ஹொக்கைடோக்காரர். முதலில் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) வரைந்தார், ‘அகிரா’ எடுத்த ஒடோமோ கட்சுஹிரோவோடு வேலை பார்த்தார். 1997-இல் ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’, 2001-இல் ‘மில்லேனியம் ஆக்ட்ரஸ்’, 2003-இல் ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’, 2006-இல் ‘பாப்ரிகா’. இடையில் 13 பகுதிகள் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடர். நான்கு படங்களையும் சேர்த்து ஓட்டினால்கூட ஆறு மணி நேரம் வராது. அவ்வளவுதான் நமக்குக் கிடைத்தது.

பிரியா (7:53): அக்கா, என் பையனுக்கு 8 வயது. அவனோடு உட்கார்ந்து பார்க்க எது சரியாக இருக்கும்?

கார்த்திக் (7:55): ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ பக்கம் இப்போது போகவே வேண்டாம் பிரியா. ‘பாப்ரிகா’வும் அவனுக்கு இல்லை. ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ இன்னும் சில வருடம் கழித்து. கிறிஸ்துமஸ் இரவில் வீடில்லாத மூன்று பேர் குப்பைக்குள்ளே ஒரு கைக்குழந்தையைக் கண்டெடுத்து, அதன் அம்மாவைத் தேடி அலைகிற கதை. பனி விழும் டோக்கியோவை அதில் பார்த்த பிறகுதான் நான் ஷின்ஜுகு நிலையத்தில் படுத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

ரேவதி (7:58): பிரியா, உன் பையன் வயதுப் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்றுதான் ஐந்தாவது படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ‘யுமே மிரு கிகாய்’, கனவு காணும் எந்திரம். மனிதர்களே கிடையாது, ரோபோக்கள் மட்டும். அந்த ஒரு படம்தான் பாதியில் நின்றுபோனது.

பிரியா (7:59): ஐயோ.

சுரேஷ் (8:03): எவ்வளவு முடிந்திருந்தது? காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைக்கிற ஸ்டோரிபோர்டு இருக்கும் அல்லவா? இப்போது ஏஐ வந்துவிட்டது, மீதியை முடித்துவிடலாமே.

கார்த்திக் (8:05): சுமார் 1,500 ஷாட்டில் 600 வரை அனிமேஷன் முடிந்திருந்தது என்று தயாரிப்பாளர் மருயாமா மசாவோ சொல்லியிருந்தார். முடித்தே தீருவது என்று பல வருடம் பணத்துக்கு அலைந்தார். கடைசியில் அவரே கைவிட்டுவிட்டார். கோனுக்கு இணையான ஆள் இல்லை, வேறு ஒருவர் முடித்தால் அது அந்த வேறு ஒருவரின் படம் ஆகிவிடும் என்று.

ரேவதி (8:11): சுரேஷ் தம்பி, கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மற்றவர்கள் ஒரு காட்சியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள். இவர் படத்தில் காட்சி எங்கே முடிந்தது என்றே தெரியாது. சியோகோ ஓடுகிறாள், குதிரை மேல் போகிறாள், ரிக்‌ஷா, சைக்கிள் என்று மாறிக்கொண்டே போகிறாள். ஒவ்வொன்றும் வேறு காலம், வேறு படம், ஆனால் அதே ஓட்டம், அதே மூச்சிரைப்பு. ‘பாப்ரிகா’ தொடக்கத்தில் அந்தப் பெண் விளம்பரப் பலகைக்குள் நுழைகிறாள், யாரோ ஒருவன் போட்டிருக்கும் டி-ஷர்ட்டில் இருக்கும் படமாகிறாள். ஒரு ஷாட்டும் அடுத்த ஷாட்டும் ஒட்டுகிற அந்த நூலிழையில்தான் அவர் இருக்கிறார். ஸ்டோரிபோர்டில் படம் இருக்கும், அந்த ஒட்டுகிற கணம் அவர் தலைக்குள் இருந்தது. அதை எந்திரத்திடம் கேட்டு வாங்கி ஒட்டினால் எனக்குப் பார்க்க மனம் வராது.

சுரேஷ் (8:13): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுரேஷ் (8:14): புரிகிறது அக்கா. நான் அவர் படம் எதுவும் பார்த்ததில்லை. பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

கார்த்திக் (8:16): நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன் அக்கா. முடிக்க வேண்டாம், சரி. அந்த 600 ஷாட்டையாவது உள்ளபடியே காட்டலாம். அறுந்த இடம் அறுந்தே இருக்கட்டும். அவர் கை பட்டதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் எனக்கு.

ரேவதி (8:17): அது என்றால் முதல் வரிசையில் நான் நிற்பேன்.

சுந்தரம் அங்கிள் (8:22): நான் பிரியாவின் அப்பா, கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறேன். பொம்மைப் படக்காரருக்கு இவ்வளவு பேசுகிறார்களே என்று படித்துக்கொண்டே வந்தேன். 46 வயதில் என்ன ஆனது அந்தப் பிள்ளைக்கு?

ரேவதி (8:30): கணையப் புற்றுநோய், அங்கிள். 2010 மே மாதம் தெரிந்தபோதே எலும்பு வரை பரவியிருந்தது. அதிகபட்சம் அரை வருடம் என்றார்கள். மிக நெருங்கியவர்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நடுவில் நிமோனியா வந்து, இன்னும் ஓரிரு நாள்தான் என்ற நிலை. அப்போதும் வீட்டில்தான் சாக வேண்டும் என்று மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாட்களில் ஒரு நீண்ட விடைபெறும் கடிதம் எழுதினார். இறந்த மறுநாள் அது வெளியானது, அப்போதுதான் உலகத்துக்கே தெரிந்தது. சப்போரோவிலிருந்து அவருடைய அம்மா அப்பா பார்க்க வந்ததை அதில் எழுதியிருக்கிறார். அம்மா அறைக்குள் வந்ததும் முதலில் மகனிடம் மன்னிப்புக் கேட்டாராம், உன்னைத் திடமான உடம்போடு பெற்றுத் தரவில்லையே என்று. கோனுக்குப் பேச்சே எழவில்லையாம்.

மருயாமாவும் வந்திருந்தார். படத்தை இப்படி விட்டுப் போகிறேனே என்று கோன் கலங்க, எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதே என்று அவர் சொல்ல, இவர் உடைந்து அழுதிருக்கிறார். கார்த்திக் மேலே சொன்ன அலைச்சல் அந்த வாக்குக்காகத்தான். அதைக் காப்பாற்ற முடியாமல் போனதை நினைத்தால் மருயாமாவுக்காகவும் எனக்கு மனசு கனக்கிறது.

சுந்தரம் அங்கிள் (8:38): என் தம்பி 39 வயதில் போனான். என் அம்மாவும் இதே பேச்சைத்தான் பேசினாள். “நான் ஒழுங்காகப் பெற்றிருந்தால் அவன் இருந்திருப்பானே” என்று. ஜப்பானில் இருக்கிற தாயும் அதையே சொல்லியிருக்கிறாள்.

ரேவதி (8:39): 🙏

முருகன் அண்ணா (8:41): சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள் எல்லோரும். ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ போடலாம். அங்கிள், நீங்களும் கட்டாயம் வர வேண்டும். அந்தக் குழந்தைக் கதையை நான் பார்க்க வேண்டும். சாம்பார் சாதம் என் பொறுப்பு.

பிரியா (8:43): வருகிறோம் அண்ணா. ஆனால் பையனை என்ன செய்ய? நான் பேசியதைக் கேட்டுவிட்டு, ரோபோ படம் எங்கே என்று நச்சரிக்கிறான்.

ரேவதி (8:47): அவனுக்கு ஒன்று இருக்கிறது பிரியா. ‘ஒஹாயோ’ என்று ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சி என்ஹெச்கேவுக்காகச் செய்தது. ஒரே ஒரு நிமிடம். ஒரு பெண் காலையில் எழுந்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. எழுந்து போகிறவள் ஒருத்தி, தூக்கம் கலையாமல் பின்தங்குகிறவள் இன்னொருத்தி. முகம் கழுவுகிற இடத்தில் இருவரும் ஒன்றாகிறார்கள். இப்போதே காட்டு.

பிரியா (8:56): பார்த்துவிட்டான். பள்ளிக்கூட நாளில் தானும் இப்படித்தான் இரண்டு பேராக எழுந்திருக்கிறானாம். நான்காவது முறையாக ஓடிக்கொண்டிருக்கிறது அக்கா. தாத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறான்.