ரிட்டயர் ஆகி அஞ்சு மாசம் ஆச்சு, பொழுதை எப்படி ஒரு ஒழுங்குக்குள்ள கொண்டு வர்றது?

லைன்கிளியர் (மதுரை, அண்ணாநகர்)

எல்லாருக்கும் வணக்கம். ரயில்வேல ஸ்டேஷன் மாஸ்டரா 36 வருஷம் இருந்துட்டு ஜனவரி 31 அன்னைக்கு ரிட்டயர் ஆனேன். மொத மூணு மாசம் குலதெய்வம் கோயில், சொந்தக்காரங்க கல்யாணம், பென்ஷன் பேப்பர்னு ஓடிருச்சு, ஒண்ணும் தெரியல. இப்பதான் உறைக்குது. காலைல ஒன்பதரைக்குள்ள பேப்பரை வரி விடாம படிச்சு முடிச்சிருவேன், கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வரைக்கும். அதுக்கப்புறம் மதிய சாப்பாடு வரைக்கும் ஒரு பெரிய வெட்டவெளி, சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் இன்னொண்ணு.

நான் வாழ்ந்த வாழ்க்கையில நேரத்தை நான் வச்சதே இல்லங்க. ஒரு வாரம் காலை ஆறு, ஒரு வாரம் மதியம் ரெண்டு, ஒரு வாரம் நைட்டு பத்துன்னு ரோஸ்டர் போகும். நமக்கு மனசு சரியில்லன்னாலும் பக்கத்து ஸ்டேஷன்காரர் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பலாமான்னு கேட்டா குடுத்தாகணும், அதுக்கு அத்தாட்சியா பிரைவேட் நம்பர் சொல்லணும், ரெஜிஸ்டர்ல எழுதணும், வண்டி போற வரைக்கும் பச்சைக்கொடியோட பிளாட்பாரத்துல நிக்கணும். இப்ப அப்படி இழுத்துட்டுப் போற ஆள் யாரும் இல்ல.

ஒரு பேப்பர்ல டைம்டேபிள் எழுதி செவுத்துல ஒட்டுனேன், அஞ்சு மணி வாக்கிங், ஆறு மணி யோகா, பத்து மணி புத்தகம்னு. ஒன்பது நாள் நடந்துச்சு. பத்தாவது நாள் மழை, போகல, ஏன் வரலன்னு கேக்க ஒரு ஆள் இல்ல, அத்தோட வரிசையா எல்லாமே நின்னுருச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு டக்குனு முழிப்பு வந்துருது, உடம்பு இன்னும் நைட் டூட்டியிலயே இருக்கு போல.

வீட்ல அவங்களுக்கும் என்னால சங்கடம். இத்தனை வருஷம் தனியாளா வீட்டை ஓட்டுனவங்க. நான் சும்மா இருக்க முடியாம சமையக்கட்டுக்குள்ள போய் டப்பாவெல்லாம் மாத்தி அடுக்கி லேபிள் ஒட்டி வச்சேன், ரெண்டு நாள் முகங்குடுத்துப் பேசல.

பணத்துக்கு கஷ்டம் இல்ல, பென்ஷன் வருது. அதைப் பத்தி கேக்கல. ஒரு நாளை எப்படி நிறைவா கொண்டு போறீங்கன்னு ரிட்டயர் ஆனவங்க சொல்லுங்க.

---

பாளையங்கோட்டை சிஸ்டர்

அண்ணாச்சி, நானும் ரோஸ்டர்ல வாழ்ந்தவதான். அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ், 31 வருஷம். அதனால மொதல்ல தூக்கத்தை சரி பண்ணுங்க, அது சரியாகாம எந்த டைம்டேபிள் போட்டாலும் நிக்காது, நான் பட்டு தெரிஞ்சுகிட்டது.

ராத்திரி எத்தனை மணிக்கு தூங்குனாலும் சரி, எந்திரிக்கிற நேரம் ஒண்ணா இருக்கணும், ஞாயித்துக்கிழமையும் சேத்துத்தான். எந்திரிச்ச கொஞ்ச நேரத்துல வெளி வெளிச்சத்துல போய் நில்லுங்க, மொட்டை மாடியோ தெருவோ. உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரத்துக்கு காலை வெளிச்சந்தான் சாவி. மதியத் தூக்கம் அரை மணிநேரத்துக்கு மேல வேண்டாம், மூணு மணிக்கு மேல படுக்கவே வேண்டாம், சாயங்காலக் காப்பியையும் முன்னாடி தள்ளிருங்க. ரெண்டு மணிக்கு முழிச்சா போனை மட்டும் கையில எடுக்காதிய. அப்படியும் மாசக்கணக்குல தூக்கம் வரலன்னா, இல்ல ராத்திரி நாலஞ்சு தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிறியன்னா, டாக்டர்ட்ட காட்டிருங்க, சுகர், புராஸ்டேட் எல்லாம் அந்த வயசுல பாக்க வேண்டியதுதான்.

நடை வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷம் வந்தா போதும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அதனால ஒரு நாள் மழைன்னா ஒண்ணும் கெட்டுப் போகாது, மறுநாள் சேத்து நடந்துக்கலாம். நடை மட்டும் பத்தாது, நாற்காலியில இருந்து கையை ஊனாம பத்து தடவை உக்காந்து எந்திரிங்க. வயசானவங்க கீழ விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு வர்றதை வார்டுல எவ்வளவோ பாத்திருக்கேன், தொடையில பலம் இருந்தா பாதி தப்பிக்கலாம்.

---

கோவை அக்கா

நான் ரிட்டயர் ஆனவ இல்லீங்க, ரிட்டயர் ஆனவர் வீட்டுக்காரி. அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க.

எங்க வீட்டுக்காரர் மில்லுல சூப்பர்வைசரா இருந்தாருங்க. அவரு வேலையை விட்டு வந்த மொத வருஷம் எனக்குத்தான் வேலை கூடிப் போச்சு. முன்ன அவரு காலைல டிபன் சாப்பிட்டு டப்பா வாங்கிட்டுப் போனா சாயங்காலம் வரைக்கும் வீடு என்னுது. பதினொண்ணுல இருந்து பன்னெண்டரை வரைக்கும் நான் ரேடியோ கேட்டுட்டே பூ கட்டுவேன், பக்கத்து வீட்டக்கா வந்து உக்காருவாங்க, அந்த ஒண்ணரை மணி நேரந்தாங்க எனக்குன்னு இருந்தது. அவரு வீட்ல இருந்ததும் பத்தரைக்கு ஒரு டீ, பன்னெண்டுக்கு என்ன சமையல்னு ஒரு கேள்வி, பக்கத்து வீட்டக்காவும் வர்றதை நிறுத்திட்டாங்க. கோவம்னு இல்லீங்க, அழுகையா வந்துச்சு. ஆம்பளைங்களுக்கு அறுவதுல ரிட்டயர்மெண்ட்டு இருக்கு, எங்களுக்கு அந்தத் தேதியே கிடையாதேன்னு ஒரு நாள் வாய்விட்டே கேட்டுட்டேன்.

அதுக்கப்புறம்தான் மாறுச்சு. காய் வாங்கறது, காலை டிபன், துணி காயப்போட்டு மடிக்கறது மூணும் இப்ப அவரு பொறுப்பு. ஹெல்ப் இல்லீங்க, பொறுப்பு. நான் சொல்லிச் செய்யறதா இருந்தா அது என் வேலைதானுங்க, தோசை மாவு தீந்து போச்சான்னு அவரேதான் பாக்கோணும். நீங்க டப்பா அடுக்குனது உங்க வீட்ல ஏன் வலிச்சுதுன்னா அது அவங்க ஸ்டேஷன், அவங்க ரெஜிஸ்டர்ல நீங்க எழுதிட்டீங்க. லேபிளை எடுத்துட்டு, எந்த வேலையை முழுசா என்கிட்ட விடறேன்னு கேட்டுப் பாருங்க. அவங்களுக்குன்னு எந்த நேரம் வேணும்னும் கேளுங்க, அந்த நேரத்துல நீங்க வெளிய இருங்க.

---

மெய்ப்பு பாக்குறவன் (சென்னை)

சார், உங்க போஸ்ட்லயே பதில் இருக்கு, ‘ஏன் வரலன்னு கேக்க ஒரு ஆள் இல்ல’ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதான் விஷயம். பேங்க்ல இருந்து வந்து ஆறு வருஷம் ஆச்சு, எனக்கு நானே வச்சுக்கிட்ட நேரம் ஒண்ணுகூட நிக்கல, இன்னொருத்தர் காத்திருக்கிற நேரம் மட்டும்தான் நின்னுது.

எனக்கு நின்னது மூணு. ஒண்ணு, பார்வை இல்லாத காலேஜ் பசங்களுக்குப் பாடம் படிச்சுக் காட்டுறது. பரீட்சை எழுதித் தர்றதுக்கு படிப்புத் தகுதியில ரூல்ஸ் இருக்கு, பல பரீட்சையில எழுதுறவர் மாணவரை விட கம்மியா படிச்சிருக்கணும்பாங்க, அதனால நம்ம மாதிரி டிகிரி முடிச்சவங்களுக்கு எல்லா இடத்துலயும் ஒத்து வராது. ஆனா படிச்சுக் காட்டவும் ரெக்கார்டு பண்ணி அனுப்பவும் எந்த ரூலும் இல்ல. பிரெயில்ல கிடைக்காத புத்தகம், ஜெராக்ஸ் நோட்ஸ் இதெல்லாம் யாராவது வாசிச்சாதான் அந்தப் பசங்களுக்குப் படிப்பு. ஸ்டேஷன் மாஸ்டர் குரல், மைக்ல பேசிப் பழகுனது, உங்களுக்கு ரொம்பப் பொருந்தும். பக்கத்துல இருக்கிற காலேஜ்ல தமிழ்த்துறையிலயோ வரலாற்றுத்துறையிலயோ நேர்ல போய் கேளுங்க, கண்டிப்பா யாராவது இருப்பாங்க.

ரெண்டாவது விக்கிமூலம், இன்டர்நெட்ல இருக்கிற இலவச நூலகம். நாட்டுடைமை ஆன பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி ஏத்திருக்காங்க, கம்ப்யூட்டர் எழுத்தாக்குனதுல தப்பு ஏகத்துக்கு இருக்கும், கால் வர்ற இடத்துல ‘ர’ போட்டிருக்கும். படத்தைப் பாத்து அதைத் திருத்தணும். திருத்தாத பக்கம் சிவப்பு, நீங்க திருத்துனா மஞ்சள், வேற ஒருத்தர் மறுபடி சரிபாத்தாதான் பச்சை. ஒரே ஆள் ரெண்டையும் செய்ய முடியாது. சிக்னல் பாத்துப் பழகுன ஆளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி முழிச்சா இதை பண்ணாதீங்க, சிஸ்டர் சொன்னது சரி, காலை பத்து மணிக்கு வச்சுக்கோங்க.

மூணாவது வேலை, வருஷத்துல ஒரு மாசந்தான். நவம்பர்ல பென்ஷன்காரங்க உயிரோட இருக்கோம்னு லைஃப் சர்டிபிகேட் குடுக்கணுமில்ல, 80 தாண்டுனவங்க அக்டோபர்லயே குடுக்கலாம். இப்ப போன்லயே முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண்ங்கற டிஜிட்டல் சர்டிபிகேட் எடுக்கலாம், ஆனா எங்க அபார்ட்மெண்ட்ல பாதி பேருக்கு அந்த ஆப்பு புரியல, பேங்க் வாசல்ல வரிசையில நின்னுட்டு இருந்தாங்க. போன வருஷம் வீடு வீடாப் போய் எடுத்துக் குடுத்தேன், நடக்க முடியாத ஒரு பாட்டி என் தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணாங்க, அன்னைக்கு முழுக்க மனசு நிறைஞ்சு கிடந்தது.

---

திண்டுக்கல்காரன்

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். 36 வருஷம் ஓடுன உடம்பு, அஞ்சு மாசத்துல எதுக்கு அவசரம்? கொஞ்ச நாள் வெட்டவெளி வெட்டவெளியாவே இருக்கட்டும் சார். திண்ணையில உக்காந்து தெருவைப் பாக்குறதும் ஒரு பொழுதுதான். எங்கப்பா அப்படித்தான் இருந்தாரு, நல்லாவே இருந்தாரு.

---

லைன்கிளியர்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், எழுதறதுக்கு ஏதாவது இருக்கட்டும்னுதான் காத்திருந்தேன்.

திண்டுக்கல் தம்பி, நீங்க சொல்றது சில பேருக்கு ஒத்து வரும், எனக்கு அது மூச்சு முட்டுதுப்பா.

கோவை தங்கச்சி, உங்க எழுத்தை அப்படியே வீட்ல வாசிச்சுக் காட்டுனேன். அவங்க ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் “காய்கறியை நீங்க பாத்துக்கங்க”ன்னாங்க. எங்க அண்ணாநகர் உழவர் சந்தை 1999ல தமிழ்நாட்டுலயே மொதல்ல திறந்தது, வீட்ல இருந்து நடந்தே போயிரலாம், இத்தனை வருஷத்துல நான் பத்து தடவை போயிருந்தா பெருசு. இப்ப தினமும் ஆறு மணிக்குக் கிளம்பறேன், வாக்கிங் அதுலயே முடிஞ்சிருது. கீரை விக்கிற அம்மா ஒரு நாள் நான் போகலன்னா மறுநாள் “என்ன சார் நேத்து காணோம்”ங்கறாங்க. முருங்கைக்காயை முறுக்கிப் பாத்து வாங்கணும்னு அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. மதியம் பதினொண்ணு டு ஒண்ணு வீட்ல அவங்க நேரம், நான் புதுநத்தம் ரோட்டுல இருக்கிற கலைஞர் நூலகத்துக்குப் பஸ் ஏறிருவேன், அங்கேயே விக்கிமூலம் நாலு பக்கம் திருத்துறேன். மெய்ப்பு சார், ஒற்றைக் கொம்பும் ரெட்டைக் கொம்பும் மாறி மாறி வருது, பழைய அச்சுல எது சரின்னு எனக்கே சந்தேகம், இருக்கிறபடியே விடணுமா?

காலேஜ்ல ஒரு பையன் கிடைச்சான், எம்.ஏ. வரலாறு. சாயங்காலம் நாலு மணிக்கு போன் பண்ணுவான், நாலு அஞ்சுன்னு ஆனதே இல்ல. மொத நாள் அனௌன்ஸ்மெண்ட் மாதிரி சத்தமாப் படிச்சேன், “சார், கொஞ்சம் மெதுவா, வருஷத்தை மட்டும் ரெண்டு தடவை சொல்லுங்க”ன்னான். அதுல இருந்து மதியமே ஒரு தடவை படிச்சுப் பாத்துக்கறேன்.

ராத்திரி முழிப்பு இன்னும் முழுசாப் போகல சிஸ்டர், ரெண்டு மணி இப்ப மூணேகால் ஆயிருக்கு. போனைத் தொடாம படுத்துக்கறேன். அடுத்த மாசம் மறுபடி எழுதறேன்.