3வது மாடி வீட்டுக்கு ஏசி அவுட்டோர் யூனிட்: ஓடிஎஸ்ஸா, சன்ஷேடா, பால்கனியா, மொட்டை மாடியா?

பெரம்பூர்3சி:

வணக்கம். சென்னை பெரம்பூரில் ஸ்டில்ட் + 4 மாடி அடுக்ககம், எங்கள் வீடு 3வது மாடியில். பழைய 1.5 டன் ஸ்பிளிட் (ஆர் 22 கேஸ், இன்வெர்ட்டர் இல்லாதது) மேற்குப் பக்க ஜன்னல் சன்ஷேட் மேல் இருக்கிறது. ஸ்டாண்ட் துருப்பிடித்துவிட்டது, சன்ஷேடின் அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு விரிசல் தெரிகிறது. பழையதை இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிட்டு, புதிதாக 1.5 டன் இன்வெர்ட்டர் (ஆர் 32) போடப் போகிறோம்.

புது அவுட்டோருக்கு நான்கு இடம் யோசனையில் இருக்கிறது. 1) அதே சன்ஷேட். 2) பாத்ரூம் பக்க ஓடிஎஸ் (நாலு பக்கமும் சுவர், மேலே மட்டும் திறந்த காற்றுச் சந்து), 4 அடிக்கு 5 அடி, மற்ற வீடுகளின் 3 யூனிட் ஏற்கெனவே அதில் ஓடுகிறது, கழிவுநீர்க் குழாய்களும் அங்கேதான். 3) பால்கனி, 3 அடி கைப்பிடிச் சுவர், வீட்டில் 4 வயதுக் குழந்தை. 4) மொட்டை மாடி, அசோசியேஷன் சம்மதம் உண்டு. எது சரி? பழைய யூனிட்டில் இருக்கும் கேஸை உள்ளேயே இழுத்து அடைத்து எடுத்துப் போகலாம் என்கிறார்கள், அதில் ஆபத்து உண்டா?

செம்புக்குழாய்:

சார், மொட்டை மாடி. காரணத்தைச் சொல்றேன், ஏன்னா கடைக்காரர் "ஓடிஎஸ்ல மாட்டினா பைப் மிச்சம்"னு கண்டிப்பா சொல்வார்.

1.5 டன்னா ரூம்ல இருந்து எடுக்குற வெப்பம் சுமார் 5.3 கிலோவாட். கம்ப்ரஸர் தின்னுற கரண்டும் சேர்ந்து அவுட்டோர் வெளியே தள்ளுறது கிட்டத்தட்ட 6.5 கிலோவாட். 4 யூனிட்டும் அதே சைஸ்னு வெச்சா 26 கிலோவாட். 4 அடி அகலத்துல யூனிட்டுக்கு 1 அடி, பின்னாடி காற்று எடுக்க அரை அடி போனா முன்னாடி மிச்சம் இரண்டரை அடி. ஃபேன் தள்ளுற சூடு எதிர்ச் சுவர்ல மோதி யூனிட் பின்பக்கமே திரும்பி வரும். கீழ் மாடி யூனிட்டோட சூடும் மேலே ஏறி உங்க யூனிட்டுக்குத்தான் வரும். இரவுல நல்லா ஓடும், அதனால யாரும் இடத்தைச் சந்தேகப்பட மாட்டாங்க. கத்திரி வெயில்ல மதியம் 2 மணிக்கு மேல இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்கும், ரூம் 27க்குக் கீழ இறங்காது. சிலதுல ஹை பிரஷர் எரர் காட்டி நின்னுடும். அப்புறம் "கேஸ் கம்மி"ன்னு சொல்லி மேல கேஸ் ஏத்துவாங்க, பிரஷர் இன்னும் கூடும்.

ஓடிஎஸ்ல ஏற்கெனவே மாட்டினவங்க சோதிக்க எளிய வழி: மதியம் யூனிட் முழு வேகத்துல ஓடும்போது பின்பக்கக் காயில் கிட்ட ஒரு தெர்மாமீட்டர், திறந்த வெளி நிழல்ல ஒண்ணு. வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல இருந்தா அதே சூட்டைத்தான் யூனிட் திரும்பக் குடிக்குது.

ஓடிஎஸ்ல இன்னொரு வினை கழிவுநீர் வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைட் செம்பைக் கறுப்பாக்கி ஊசிமுனை ஓட்டை போடும். வருஷா வருஷம் கேஸ் போகுதுன்னு புலம்புற வீடுகள்ல காயில் எங்கே இருக்குன்னு முதல்ல பாக்கணும்.

இடைவெளி: பின்பக்கம் குறைந்தது 15 செ.மீ, வால்வு இருக்குற பக்கம் 45 செ.மீ (ஸ்பேனர் சுத்த, கவர் கழற்ற), முன்னாடி 1 மீட்டருக்கு எந்தத் தடையும் கூடாது, மேலே 60 செ.மீ. மாடல் கையேட்டுல இதைவிட அதிகம் கேட்டிருந்தா அதுதான் கணக்கு. இதைவிடப் பெரிய விதி ஒண்ணு இருக்கு: ஒரு ஆள் ரெண்டு காலையும் ஊன்றி நின்னு வேலை செய்ய முடியாத இடத்துல யூனிட் மாட்டாதீங்க. மாட்டுறது ஒரு நாள் வேலை. அடுத்த பத்து வருஷமும் ஒருத்தர் அதைக் கழுவணும், திறக்கணும். நிக்க இடம் இல்லைன்னா ஒண்ணு சர்வீஸே நடக்காது, இல்ல அந்த ஆள் உயிரைப் பணயம் வெச்சு நடக்கும்.

மாடியில எந்தப் பக்கம் பாக்க வைக்கிறதுன்னு யாரும் கேக்கறதில்லை, ஆனா கேக்கணும். சென்னையில கோடை மதியம் கடல்காற்று கிழக்கு, தென்கிழக்குல இருந்து வரும். ஃபேன் அந்தப் பக்கம் பாத்தா வெளிய தள்ளுற காற்றை எதிர்க்காற்று அமுக்கும். வடக்குப் பாத்து வைங்க. நிழல் கிடைச்சா நல்லது, ஆனா நிழலுக்காக மேலே தகரத்தை ஒட்டிப் போட்டுக் காற்றை அடைச்சா நஷ்டம்தான். காற்றோட்டம் முதல்ல, நிழல் அப்புறம்.

பைப் கணக்கு: உங்களுக்கு ஏற்றம் சுமார் நாலரை மீட்டர், பக்கவாட்டும் சேர்த்து 8, 9 மீட்டர் வரும். கம்பெனி கேஸ் பல மாடல்ல 5 மீட்டர் வரைக்கும், சிலதுல ஏழரை வரைக்கும் போதும். அதுக்கு மேல கால் இன்ச் லிக்விட் லைனுக்கு (திரவமா கேஸ் போற மெல்லிய பைப்) மீட்டருக்கு 15, 20 கிராம் ஆர் 32 சேர்க்கணும், சரியான அளவு கையேட்டுல இருக்கும். இதை எடை மெஷின் வெச்சுத்தான் சேர்க்கணும். இன்வெர்ட்டர்ல பிரஷர் கேஜ் பார்த்து ஏத்துனா தப்பாத்தான் போகும், வேகம் மாற மாற பிரஷரும் மாறிட்டே இருக்கும். அவுட்டோர் மேலே இருக்குறதால சக்‌ஷன் பைப் (கேஸ் அவுட்டோருக்குத் திரும்புற அரை இன்ச் பைப்) ஏற ஆரம்பிக்குற இடத்துல ஆயில் ட்ராப் (ஆயில் திரும்ப பைப்பை வளைச்சு விடறது) வேணுமான்னும் கையேட்டுல பாருங்க. கால், அரை இன்ச் ரெண்டு பைப்புக்கும் தனித்தனி இன்சுலேஷன், மாடி வெயில்ல தெரியுற பகுதிக்கு மேலே ஒரு உறை. இல்லைன்னா ரெண்டு கோடையில கறுப்பு ரப்பர் பொடியா உதிரும்.

பால்கனியில 3 அடிச் சுவருக்குப் பின்னாடி தரையில வெச்சா சூடு அங்கேயே சுத்தும். சுவருக்கு மேல ஃபேன் வர்ற மாதிரி ஸ்டாண்ட் போட்டு உயர்த்தினா அது குழந்தைக்கு ஏணி. 4 வயசுக் குழந்தை இருக்குற வீட்டுல முழு உயரக் கிரில் இல்லாம அந்த யோசனையே வேண்டாம் சார்.

தளக்கூரை:

கட்டடப் பக்கத்தை நான் சொல்கிறேன். அந்தச் சன்ஷேடில் புது யூனிட் வைக்கவே கூடாது.

சன்ஷேட் ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள பலகை. நுனியில் 75 மி.மீ. தடிமன்தான் இருக்கும். அதைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி கீழே இறங்கிவிட்டால் பலம் பெருமளவு போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. மேலிருந்து துளை போட்டு ஆங்கர் (துளைக்குள் இறுகும் போல்ட்) அடித்தால் அந்தக் கம்பியையே அறுக்கும் வாய்ப்பு உண்டு. அந்தத் துளை வழியாக மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். உங்கள் அடிப்பக்க விரிசல் கம்பியின் போக்கிலேயே இருந்தால் காரணம் அநேகமாக இதுதான். யூனிட் எடை 30, 40 கிலோதான். ஆனால் சர்வீஸுக்கு அதன் பக்கத்தில் நிற்கும் இருவரின் எடை 150 கிலோ. சன்ஷேட் விழும்போது சுமையில் பெரும்பங்கு ஆட்கள்தான்.

சுவரில் ஸ்டாண்ட் மாட்ட நினைப்பவர்களுக்கு: கான்கிரீட் பீமில் எம் 10, 100 மி.மீ. நீள ஆங்கர் நன்றாகப் பிடிக்கும். செங்கல் சுவரில், அதுவும் கலவை இணைப்பில் விழுந்தால், அதிர்வில் தளர்ந்துவிடும். அங்கே சுவரை ஊடுருவும் போல்ட்டும் உள்பக்கம் ஒரு தகடும் வேண்டும். ஏஏசி கல்லில் (எடை குறைந்த நுரைக் கான்கிரீட் கல்) சாதாரண விரியும் ஆங்கர் போடவே கூடாது, கல்லையே நொறுக்கிவிடும்.

மொட்டை மாடியில் துளையே போடாதீர்கள். தட்டோட்டுத் தளத்தில் ஒரு துளை போட்டால் 4வது மாடிக்காரர் வீட்டில் ஒழுகும். 6 அங்குல சாலிட் பிளாக் இரண்டு வரிசை, அதன் மேல் ரப்பர் பேட், அதன் மேல் ஸ்டாண்ட். மதியம் தளம் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும், அந்தச் சூட்டை இழுக்காமல் இருக்க யூனிட் அடி தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். மழைநீர் போகும் வாட்டத்தை பிளாக் மறிக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டி வழியும் குழாய்க்குக் கீழேயும் ஜெனரேட்டர் புகைக்கு எதிரேயும் வேண்டாம்.

துளை போடாமல் வைப்பதால் காற்றுக்கு ஒரு ஏற்பாடு அவசியம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் காற்று அடித்தது. ஸ்டாண்டின் நான்கு காலையும் கீழே ஒரு ஆங்கிள் சட்டத்தில் போல்ட் செய்து, அந்தச் சட்டத்தின் மேல் பிளாக்குகளைப் பாரமாக ஏற்றுங்கள். அல்லது கான்கிரீட் தூணில் பட்டை போட்டுக் கட்டுங்கள். நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரை நம்பிக் கட்ட வேண்டாம்.

கேஜ்மேனிஃபோல்ட்:

பழைய யூனிட் கேஸ் பற்றி. பம்ப் டவுன் (கேஸை அவுட்டோருக்குள்ளேயே இழுத்து அடைக்கிறது) பழகின வேலைதான், ஆனா தப்பா செஞ்சா கம்ப்ரஸர் வெடிக்கும். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முறை இது. கூலிங்ல 10 நிமிஷம் ஓட விடணும். அரை இன்ச் (சக்‌ஷன்) வால்வோட சர்வீஸ் போர்ட்ல கேஜ் மாட்டணும், மேனிஃபோல்ட் (கேஜும் ஹோஸும் சேர்ந்த கருவி) ரெண்டு கைப்பிடியும் மூடியிருக்கணும். கால் இன்ச் லிக்விட் வால்வை ஆலன் கீயால முழுசா மூடணும். முள் இறங்க ஆரம்பிக்கும். 5 பிஎஸ்ஐ கிட்ட வந்ததும் சக்‌ஷன் வால்வை மூடிட்டு உடனே கரண்ட்டை நிறுத்தணும். பூஜ்ஜியத்துக்குக் கீழ போகவே விடக்கூடாது. கேஜ் பக்கம் ஒருத்தர், எம்சிபி பக்கம் ஒருத்தர், ஆக ரெண்டு பேர் வேணும்.

வெடிக்கிறது எப்படின்னா: லிக்விட் வால்வு மூடியாச்சு, உள்ளே போனது வெளிய போக வழியில்லை. அந்த நேரத்துல சக்‌ஷன் பக்கம் ஃப்ளேர் நட் (விரிச்ச பைப் முனையை இறுக்குற நட்) தளர்ந்திருந்தாலோ, ஹோஸ் முனை திறந்திருந்தாலோ, அவசரத்துல பைப்பை முன்னாடியே கழற்றினாலோ கம்ப்ரஸர் காற்றை இழுக்கும். காற்று, ஆயில் ஆவி, அழுத்தம், சூடு. டீசல் இன்ஜின் சிலிண்டருக்குள்ள நடக்குறது அதே மாதிரி இங்கேயும் நடக்கும், இரும்பு ஓடு பிளந்து பறக்கும். கம்ப்ரஸர் முழுசா நிக்காம எந்த நட்டையும் தொடக்கூடாது. 2, 3 நிமிஷம் ஆகியும் முள் இறங்கலைன்னா எங்கேயோ லீக், இல்ல கம்ப்ரஸர் வால்வு போயிருக்கு. அங்கேயே நிறுத்திட்டு ரெக்கவரி மெஷின் வெச்சு சிலிண்டர்ல கேஸை எடுக்கச் சொல்லுங்க. ஆர் 22 ஓசோனைக் கெடுக்குற வாயு, வெளிய திறந்து விடவும் கூடாது.

புது யூனிட்ல லீக் பாக்குறதுக்கு நைட்ரஜன் மட்டும்தான். யாராவது ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்தா வேலையை நிறுத்துங்க. ஆயிலும் ஆக்ஸிஜனும் அழுத்தத்துல சேர்ந்தா அதே வெடிப்பு.

இறக்குறது: கயிறு கட்டி 3 மாடி கீழே விடறதை விட ஜன்னல் கிரில்லைக் கழற்றி யூனிட்டை வீட்டுக்குள்ள இழுக்குறது பாதுகாப்பு. 85 செ.மீ. நீளம், 55 உயரம், 30 ஆழம்தான் இருக்கும், உள்ளே வந்துடும். அந்த விரிசல் சன்ஷேட் மேல யாரையும் ஏற விடாதீங்க, வேலை ஜன்னலுக்கு உள்ளே இருந்தே நடக்கட்டும். வெளிய சாயுற ஆளுக்கு ஐஎஸ் 3521 முத்திரை உள்ள ஃபுல் பாடி ஹார்னஸ் வேணும், கொக்கியை மாடியில கான்கிரீட் தூணைச் சுத்தின பட்டையில மாட்டணும், ஜன்னல் கிரில்லுல இல்ல. "பழக்கம் சார்"னு அவர் சொன்னாலும் நீங்க விடாதீங்க. கீழே பார்க்கிங்ல அந்த இடத்தைக் காலி பண்ணி ஒருத்தரை நிறுத்துங்க.

தூக்கும்போது வால்வையோ பைப்பையோ பிடிக்கக்கூடாது. வண்டியில படுக்க வைக்காதீங்க. படுத்துட்டா புது வீட்டுல ஒரு ராத்திரி நிமிர்த்தி வெச்சு, ஆயில் கம்ப்ரஸருக்கு இறங்கின பிறகு ஓட்டுங்க. ரெண்டு வால்வு வாயும் மூடி போட்டு இறுக்கணும். பழைய ஃப்ளேரை அப்படியே மாட்டாம வெட்டிப் புதுசா அடிக்கணும்.

பெரம்பூர்3சி:

மிக்க நன்றி. மொட்டை மாடி என்று முடிவு செய்துவிட்டோம். ஆர் 32 தீப்பிடிக்கும் என்கிறார்களே, மாடியில் பயமில்லையா? மாட்டும் நாளில் நான் பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?

எர்த்கம்பி:

ஆர் 32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை. காற்றில் 14 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால்தான் பற்றும். திறந்த மாடியில் அந்த அளவு சேராது. காற்றைவிடக் கனமானது என்பதால் அடைத்த குழி, ஓடிஎஸ் அடித்தளம் மாதிரி இடங்களில்தான் தேங்கும். கேஸ் உள்ள லைனில் டார்ச் வைத்து வெல்டிங் செய்யக் கூடாது, இது ஒன்றைக் கறாராகப் பாருங்கள். ஆர் 290 வாங்குபவர்களுக்கு நிலைமை வேறு. அது புரொப்பேன், 2 சதவீதத்திலேயே பற்றும்.

மாட்டும் நாளில் முக்கியமாக வேக்கம் பம்ப் (பைப்பில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் கருவி) வந்திருக்கிறதா என்று பாருங்கள். யூனிட் கேஸையே கொஞ்சம் விட்டுக் காற்றைத் தள்ளுவது இங்கே பரவலான தவறு. ஈரம் உள்ளேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும், உங்கள் கேஸும் வீணாகும். பம்ப் குறைந்தது 20, 30 நிமிடம் ஓடி 500 மைக்ரானுக்குக் (வெற்றிட அளவு) கீழே போக வேண்டும். நிறுத்திய பிறகு முள் ஏறாமல் நிற்க வேண்டும். ஃப்ளேர் நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள்: கால் இன்ச் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இன்ச் 49 முதல் 61. கைப்பலத்தில் கூடுதலாக இறுக்கினால் ஃப்ளேர் மெலிந்து சில மாதத்தில் கசியும்.

கரண்ட்: 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி லைன், சி வகை 20 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது, இன்வெர்ட்டருக்கு ஏ வகை). மாடியில் யூனிட் பக்கத்திலேயே மழை புகாத ஐசொலேட்டர் (கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று வையுங்கள், மேலே வேலை நடக்கும்போது கீழே யாரோ ஆன் செய்துவிடும் ஆபத்து அதோடு போகும். இன்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவே கேபிளில் ஒட்டு கூடாது. கவரைத் திறப்பவர் கரண்ட்டை நிறுத்தி 10 நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே போர்டைத் தொட வேண்டும். கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், ரிமோட்டில் நிறுத்தினால் அது போகாது.

கேபிள் நுழையும் துளையைப் புட்டியால் அடைக்கச் சொல்லுங்கள். பல்லி போர்டில் ஏறி ஷார்ட் ஆவது சென்னையில் சகஜம். காக்கை, புறாவுக்கு வலை போட்டால் 1 இன்ச் கண் உள்ள வலை. கொசுவலை போட்டால் தூசி அடைத்துக் காற்று நின்றுவிடும். காயிலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் நிறுத்திச் சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவினால் போதும். பிரஷர் வாஷர் பிடித்தால் தகடு மடங்கும்.

தளக்கூரை:

ஒன்று விட்டுப்போயிற்று. பழைய ஸ்டாண்டைச் சன்ஷேட் மேல் அப்படியே விட்டுவிடாதீர்கள், துருப்பிடித்து ஒரு நாள் கீழே விழும். ஆங்கர்களைக் கான்கிரீட் மட்டத்துக்கு அறுத்து, துளைகளைச் சுருங்காத கிரவுட்டால் (நிரப்பும் சிமென்ட் கலவை) அடைத்து, விரிசலைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் அந்தப் பகுதியை உடைத்துக் கம்பியின் துருவை நீக்கிச் சரிசெய்ய வேண்டும். அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கும் முன் இதை முடியுங்கள். அதுவரை அந்தச் சன்ஷேடுக்கு நேர் கீழே வண்டி நிறுத்த வேண்டாம்.