எஃப்எஸ்எக்ஸ் சிமுலேட்டர்: கோல் ஹார்பரில் இறங்கும் ஏஐ (கணினியே ஓட்டும்) மிதவை விமானங்கள் மறைந்துவிடுகின்றன, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கனடாவின் வான்கூவர் துறைமுகத்தில், கோல் ஹார்பர் கரையோரம், பகல் முழுக்க மிதவை விமானங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும். அங்கிருந்து விக்டோரியா நகருக்குச் சுமார் 35 நிமிடம்தான். அதே நீரில் 1977 முதல் சீபஸ் என்ற பயணிகள் படகும் ஓடுகிறது. இந்தப் பரபரப்பை எஃப்எஸ்எக்ஸில் (மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் விமான விளையாட்டில்) கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விமான நிலையம் வடிவமைக்கும் மென்பொருளான ஏர்போர்ட் டிசைன் எடிட்டரில் தண்ணீர் ஓடுபாதை வரைந்து, துறைமேடை ஓரம் எட்டு பார்க்கிங் வைத்து, டாக்சி பாதைகளையும் இணைத்துவிட்டேன். ஏஐ பீவர்கள் (பீவர் என்பது ஒரு சிறிய விமான ரகம்) அழகாகக் கிளம்புகின்றன. சிக்கல் திரும்பி வரும்போதுதான். மிதவை நீரைத் தொடுகிறது, பின்னால் வெள்ளை நுரை நீள்கிறது, வேகம் குறைகிறது, சட்டென்று விமானத்தையே காணோம்! பீவரின் இறக்கை அகலம் 14.6 மீட்டர் என்பதால் பார்க்கிங் ஆரத்தை 8 மீட்டராக வைத்திருக்கிறேன். விமானம் தரையையோ நீரையோ தொடும் இடங்களைக் குறிக்கும் காண்டாக்ட் பாயிண்ட் வரிகளில் மிதவைக்குரிய எண் 4 சரியாகவே இருக்கிறது. வேறு எங்கே பார்க்க வேண்டும்? ஓடுபாதை முனையை டாக்சி பாதையோடு இணைத்ததில் பிழை இருக்குமோ என்று சந்தேகம்.

அப்புறம் படகு. வாட்டர்ஃபிரண்ட், லான்ஸ்டேல் கீ என்ற இரண்டு படகுத்துறைகளுக்கும் நடுவே சீபஸ் போய்வர, தனி டிராஃபிக் கோப்பு (வழித்தடக் கோப்பு) எழுத வேண்டும். கப்பல், படகுகளுக்கு அப்படி வழித்தடம் எழுதியவர்கள் யாராவது இருந்தால், ஒரு மாதிரிக் கோப்பு கொடுத்தாலே போதும். கேட்டால் என் கோப்புகளை உடனே அனுப்புகிறேன்.