திடீரென்று குடியை நிறுத்தினால் கை இப்படி நடுங்குமா?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் சின்ன ஊர். அண்ணனுக்குப் பதினைந்து வருடக் குடி. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், ஆனால் காலை ஆறுக்கே பெட்டிக்கடைக்குப் பின்னால் குவார்ட்டர் கிடைத்துவிடுகிறது. நேற்று அம்மா அழுததும் இனி தொடமாட்டேன் என்றான். இன்று டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சட்டையில். சாப்பாட்டில் தெரியாமல் கலக்க ஒருவர் பொடி தருகிறார், வாங்கலாமா?

நர்ஸக்கா: தம்பி, பொடியை விடு. அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருந்து, அது தெரியாமல் அண்ணன் குடித்தால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. இன்றே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. குடியை நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அப்புறம் இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உடம்பில் பூச்சி ஊரும் என்பார்கள், வார்டில் நிறையப் பார்த்தாயிற்று.

பழைய குடிகாரன்: நிறுத்தி ஆறு வருடம். மருந்தெல்லாம் கொஞ்ச நாள்தான், மீதி முழுக்கச் சாயங்காலம் ஆறு மணியை எப்படிக் கடத்துவது என்பதுதான். நான் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் ஏஏ (குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போவேன், வீட்டில் சீட்டாடப் போகிறான் என்று நினைத்தார்கள். போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடு, காசு கிடையாது.

கேட்டவர்: சரிக்கா, ஆட்டோ வந்தாச்சு. சட்டை மாற்றத்தான் மாட்டேன் என்கிறான்.