புதுப்பிப்பு: அந்த முதல் எபிசோடை மறுபடியும் பார்த்தேன்

எனக்குப் பிடித்த மருத்துவத் தொடரின் புதிய சீசன் முதல் எபிசோடிலேயே ஏமாற்றிவிட்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். இன்னொரு முறை பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், கோபம் கூடியதுதான் மிச்சம்.

மானிட்டரில் கோடு நேராக ஓடுகிறது. உடனே மின்னதிர்ச்சி, நோயாளி கண் விழிக்கிறார்! அந்த நிலைக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதே இல்லை. மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், அட்ரினலின் ஏற்ற வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே இதே தொடரின் முதல் சீசன்தான்.

ராஜினாமா கடிதம் நீட்டிய தலைமை நர்ஸ் என்ன ஆனார்? அவரைப் பற்றி எபிசோடில் பேச்சே இல்லை.

ஒன்றை மட்டும் திரும்பப் பெறுகிறேன். புதிய பயிற்சி மருத்துவர் தண்டம் என்று எழுதியது அவசரம். கையுறையைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருக்கும் அந்த அரை நிமிடம் அருமை. அடுத்த எபிசோடையும் பார்ப்பேன், வெட்கமில்லாமல்.