புதுப்பிப்பு: செஸ்ல ஆனந்த் பிளாக்ல (கறுப்புக் காய்ல) நைட்ட (குதிரையை) சும்மா கொடுத்து ஜெயிச்ச கேம் கிடைச்சிருச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, ஆனந்த் கறுப்புக் காய் வச்சு ரொம்ப கம்மி மூவ்ல முடிச்ச கேம், பேர் ஞாபகம் இல்லன்னு. ஹெல்ப் பண்ண எல்லாருக்கும் நன்றி.

செஸ் கேம் டேட்டாபேஸ்ல பிளாக் ஆனந்த், ரிசல்ட் 0-1 (கறுப்புக்கு வெற்றி), 25 மூவுக்குள்ளன்னு ஃபில்டர் போடச் சொன்னீங்களே, அதுதான் வேலை செஞ்சுது. அரோனியன் (ஒயிட்) - ஆனந்த், நெதர்லாந்துல நடக்கிற வைக் ஆன் ஸீ டோர்னமென்ட், 2013 ஜனவரி. ஓப்பனிங் (ஆட்டத்தோட ஆரம்ப மூவ்கள்) செமி ஸ்லாவ், அதுல மெரான்ங்கிற வகை. நான் பாட்டுக்கு கெல்ஃபாண்ட் கூட ஆடின வேர்ல்ட் சாம்பியன்ஷிப் மேட்ச்ல தேடிட்டு இருந்திருக்கேன், எப்படிக் கிடைக்கும்!

13-வது மூவ்ல ஒயிட் நைட் எச்7 கட்டத்துல இருக்கிற பானை (சிப்பாயை) வெட்டுது, ஆனந்த் அதைக் கண்டுக்கவே இல்ல, தன் நைட்ட ஜி4-க்கு விடுறார், 15-ல பிஷப் சி5, 16-ல இன்னொரு நைட் இ5. இ5-ல இருக்கிற அந்த நைட்ட ஒயிட் எஃப் வரிசை சிப்பாயால வெட்டினா, ஆனந்தோட குயின் டி4 செக், ஒயிட் ராஜா எச்1 போகணும், குயின் ஜி1-ல போய் உக்காரும், ரூக் வெட்டியே ஆகணும், அப்புறம் ஜி4 நைட் எஃப்2-க்கு வந்து செக்மேட். போர்டுல வச்சுப் பாத்தப்போ புல்லரிச்சிருச்சு. அரோனியன் வெட்டல, ஆனாலும் 23-வது மூவ்ல ஆனந்தோட பிஷப் இ3 வந்ததும் ரிசைன் பண்ணிட்டார்.

எதிர்பாக்காதது ஒண்ணு: ரோட்லெவி - ரூபின்ஸ்டைன்னு 1907-ல ரெண்டு பேர் ஆடின பழைய கேமையும் பாருன்னு ஒருத்தர் சொன்னீங்க, சம்பந்தமே இல்லன்னு நெனச்சேன். பாத்தா அதுலயும் கறுப்போட ரெண்டு பிஷப்பும் ஒயிட் ராஜாவையே குறி வச்சு நிக்குது, அதே மாதிரி அடி.