சிஆர்பி எலைசா: டைலூஷன் மாறினால் விடையும் மாறுகிறது, பிழை எங்கே?

கேட்பவர்: வெல்_ஏ1

மனித சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சிஆர்பி என்ற அழற்சிப் புரதத்தை அளக்கச் சாண்ட்விச் எலைசா (புரதத்தை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடித்து, நிறத்தால் அளக்கும் சோதனை) செய்கிறோம். ஸ்டாண்டர்டு (செறிவு தெரிந்த கரைசல்) மி.லி.க்கு 0.78 முதல் 50 நானோகிராம் வரை ஏழு புள்ளி, கூடவே பிளாங்க் (சிஆர்பி இல்லாதது). டைலூஷனுக்கு (நீர்த்தலுக்கு) 10 மைக்ரோலிட்டர் சீரத்துடன் 990 பஃபர் சேர்த்து 100 மடங்கு, அதிலிருந்து 100 + 900 போட்டு 1,000 மடங்கு, மறுபடி அதேபோல் 10,000. ஒவ்வொரு குழாயிலிருந்தும் மூன்று வெல் (பிளேட்டின் குழி). ஓடியை (நிறத்தின் அடர்த்தி அளவு) செறிவாக மாற்றும் ஸ்டாண்டர்டு வளைவு 4 பாராமீட்டர் ஃபிட் (S வடிவச் சமன்பாடு).

ஒரே சாம்பிளுக்கு, மடங்கைப் பெருக்கிய பிறகு, லிட்டருக்கு 5, 31, 42 மி.கி. என்று வருகிறது. மூன்று வெல்களின் ஓடி சிவி (சராசரியின் சதவீதமாகச் சிதறல்) 2 சதவீதத்துக்குள்தான். சராசரி போடலாமா? 1,000 மடங்கில் ஓடி 2.75, 2.80, 2.85. ஸ்டாண்டர்டில் 25க்கு 2.7, 50க்கு 3.1.

பதில்: பஃபர்காரர்

சராசரி போடாதீர்கள். 5 என்பது அளவே இல்லை. உண்மை 40 பக்கம் இருந்தால் 100 மடங்கில் மி.லி.க்கு 400 நானோகிராம் நிற்கும். உங்கள் உச்ச ஸ்டாண்டர்டைப் போல 8 மடங்கு. அந்த வெல்லுக்கு "வரம்புக்கு மேல்" என்று மட்டும் எழுதுங்கள்.

31ம் நம்பத்தக்கதல்ல. 25க்கும் 50க்கும் நடுவே ஓடி வெறும் 0.4தான் ஏறுகிறது. அப்படியானால் உங்கள் மூன்று வெல்களும் சுமார் 28, 31, 34 என்று படிக்கும். ஓடியில் 2 சதவீதத்துக்குள் இருந்த சிவி, செறிவில் 10 சதவீதம் ஆகிவிட்டது. சிவியை எப்போதும் செறிவில் கணக்கிடுங்கள். வளைவு படுத்துவிட்ட இடத்தில் ஓடி சிவி எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

பதில்: சீரம்_மேசை

அதைவிடப் பெரிய சிக்கல் மூன்று வெல்லும் ஒரே குழாயிலிருந்து வருவது. 10 மைக்ரோலிட்டர் எடுக்கும்போது 9 வந்திருந்தால் மூன்று வெல்லும் ஒற்றுமையாகத் தப்புக் காட்டும். இந்தத் திரும்பச்செய்தல் வெல்லில் ஊற்றும் பிழையை மட்டுமே பிடிக்கிறது. பெரிய பிழையோ டைலூஷனில் இருக்கிறது. மூன்று வெல்லை விட்டுவிட்டு, சீரத்திலிருந்தே தனித்தனியாக இரண்டு டைலூஷன் வரிசை தயாரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெல் போடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

புள்ளியியலுக்குப் போகும்போதும் கவனம்: 12 நோயாளிகள் என்றால் மாதிரி எண்ணிக்கை 12தான். வெல்களை எண்ணி 24, 36 ஆக்கக் கூடாது.

வெல்_ஏ1

புரிகிறது. மூன்று குழாய்க்கும் ஒரே டிப்பைப் (பைப்பெட்டின் முனை) பயன்படுத்தினோம். அதனால் விடை ஏறியிருக்குமா?

பதில்: சீரம்_மேசை

ஏறும். டிப்பின் உள்ளும் வெளியும் ஒட்டிய அடர்ந்த கரைசல் அடுத்த குழாய்க்குப் போய், அது நீங்கள் நினைத்ததைவிடச் செறிவாகிவிடும். இதையும் உச்சத் தட்டைப்பகுதியையும் (வளைவு படுத்துவிட்ட இடம்) பிரித்தறிய ஒரு வழி: செறிவான ஒரு சாம்பிளை 1,000, 2,000, 4,000, 8,000, 16,000 என்று இறக்குங்கள். தட்டைப்பகுதி காரணம் என்றால் முதல் ஓரிரு படிகளில் விடை ஏறி, பிறகு ஒரே அளவில் நின்றுவிடும். டிப் காரணம் என்றால் படிக்குப் படி ஏறிக்கொண்டே போகும்.

ஒவ்வொரு படிக்கும் புது டிப். சீரம் எடுக்குமுன் டிப்பை இரண்டு மூன்று முறை அதே சீரத்தில் நனைத்து, வெளிப்புறத்தைத் துடைத்து, பஃபருக்குள் முனையை வைத்து விட்டு, ஏற்றி இறக்கிக் கழுவுங்கள். 2 மைக்ரோலிட்டருக்குக் கீழே சீரம் எடுக்காதீர்கள். பஃபர் கிட்டில் வந்ததாகவோ பிஎஸ்ஏ என்ற புரதம் கலந்ததாகவோ இருக்கட்டும். வெறும் பிபிஎஸ்ஸில் (புரதமில்லாத உப்புப் பஃபர்) 10,000 மடங்குக்கு இறக்கினால் புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் குறைந்துபோகும்.

பதில்: பஃபர்காரர்

மடங்குகளையும் மாற்றுங்கள். வளைவில் மி.லி.க்கு 1.5 முதல் 30 நானோகிராம் வரை மட்டும் நம்பினால்:

5 + 995 = 200 மடங்கு, லிட்டருக்கு 0.3 – 6 மி.கி.
அதில் 100 + 900 = 2,000 மடங்கு, 3 – 60 மி.கி.
மறுபடி 100 + 900 = 20,000 மடங்கு, 30 – 600 மி.கி.

எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் எந்தச் சாம்பிளும் இடைவெளியில் விழாது. உங்கள் 40 மி.கி. சாம்பிள் 2,000 மடங்கில் மி.லி.க்கு 20 நானோகிராமாக வசதியாக உட்காரும்.

96 வெல் பிளேட் கணக்கு: ஸ்டாண்டர்டும் பிளாங்கும் இரண்டிரண்டாக 16 வெல், மூன்று கன்ட்ரோல் (அளவு தெரிந்த சோதனைச் சாம்பிள்) இரண்டிரண்டாக 6, மீதி 74. 12 சாம்பிள், மூன்று மடங்கு, இரண்டு வரிசை என்றால் 72.

இரண்டாம் வரிசையை முதலாவதுக்குப் பக்கத்திலேயே வைக்காமல் பிளேட்டின் மறுபாதியில் வையுங்கள். பக்கத்து வெல்கள் ஓர விளைவை (பிளேட்டின் ஓர வெல்கள் மாறிப் படிப்பதை) மறைத்துவிடும். எல்லாவற்றையும் முதலில் தனி டைலூஷன் பிளேட்டில் தயாரித்து, மல்டிசானல் பைப்பெட்டால் (ஒரே நேரத்தில் பல வெல்லை நிரப்புவது) சட்டென்று மாற்றுங்கள். ஒற்றைப் பைப்பெட்டில் 96 வெல் நிரப்பினால் முதல் வெல்லுக்கும் கடைசி வெல்லுக்கும் நேர வித்தியாசம் வந்துவிடும். பிளேட்டை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள், சீல் ஒட்டுங்கள்.

வெல்_ஏ1

2,000, 20,000 இரண்டும் வரம்புக்குள் விழுந்து வேறுபட்டால்?

பதில்: சீரம்_மேசை

ஓடியைச் சராசரி போடாமல், ஒவ்வொன்றையும் தனியே செறிவாக்கி மடங்கால் பெருக்குங்கள். வேறுபாடு 20 சதவீதத்துக்குள் என்றால் சராசரி. மீறினால் முதலில் ஸ்டாண்டர்டுகளின் ஓடியையே வளைவில் வைத்துச் செறிவாகத் திருப்பிப் படியுங்கள்: ஒவ்வொன்றும் தன் உண்மை அளவில் ±20, கீழ்ப்புள்ளி ±25 சதவீதத்துக்குள் வரவேண்டும். அவை சரியென்றால் அந்தச் சாம்பிளைப் புது வரிசையில் மறுபடி ஓட்டுங்கள். பிடித்த எண்ணை வைத்து மற்றதை நீக்குவது மட்டும் வேண்டாம். வெல்லில் குமிழி இருந்தது, டிப் வழுக்கியது போன்ற காரணம் ஓட்டும்போதே நோட்டில் எழுதப்பட்டிருந்தால்தான் நீக்கலாம்.